அடங்காத இரைச்சலும் அறுக்கப்பட்ட எர்த்தும்



பெருஞ்சத்தத்தை மனிதன் எவ்வாறோ பொறுத்துக்கொள்வான். சிறு முணுமுணுப்பைப் பொறுப்பது அவனுக்கு அரிது. திருவிழா வெடிச்சத்தத்தின் நடுவே தாயின் மடியில் அயர்ந்து உறங்கும் குழந்தை, காதருகே ஒரு கொசு ரீங்கரித்தால் வீறிட்டு எழுந்துவிடுகிறது. கூரையின்மேல் பெய்யும் பெருமழை நம்மைத் தாலாட்டுகிறது. சரியாக மூடாத குழாயிலிருந்து சொட்டும் நீரோ நம் தூக்கத்தைக் கெடுக்கிறது.

ஆம்ப்ளிஃபயரிலிருந்து எழும் "உம்ம்ம்" என்னும் ஓசையும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. பாட்டு ஓங்கி ஒலிக்கையில் அது மறைந்திருக்கும். பாட்டு தணிந்து, பாடகர் மூச்சு வாங்கும் அந்த ஒரு கணத்தில் தலையை நீட்டும். பழுது பார்ப்போர் இதனை "ஹம்மிங்" என்பர். இசையை விரும்பிக் கேட்கும் இல்லங்களில் இதைப்போல் எரிச்சலூட்டும் விருந்தாளி வேறொருவர் இரார்.

"ஆம்ப்ளிஃபயர் இரைச்சலுக்கும் குடும்ப ஏட்டுக்கும் என்ன தொடர்பு?" என்று சிலர் கேட்கக்கூடும். தொடர்பு உண்டு. அந்த இரைச்சலை அடக்குவதற்கு நம் வீடுகளில் கையாளப்படும் குறுக்குவழி ஒன்று, உயிரையே குடிக்க வல்லது. அதனை நாம் அண்மையில் ஒரு வீட்டில் நேரில் கண்டோம். கண்ட பின்னும் எழுதாதிருக்க மனம் ஒப்பவில்லை.

நம் பங்கில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டா, பங்கில் உள்ளோர் எப்படியும் கண்டுகொள்வர். தம் தந்தையார் சேர்த்து வைத்த இசைத்தட்டுகளை இன்றும் பட்டுத் துணிபோல் பேணிக் காத்து வருபவர். அவற்றைக் கேட்பதற்கென்றே பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றும், இசைத்தட்டுச் சுழற்றும் பெட்டி ஒன்றும், இரண்டு பெரிய ஸ்பீக்கர்களும் வைத்திருக்கிறார். விடுமுறைக்கு வந்த மகன், "அப்பா, தொலைக்காட்சியின் ஓசையும் இதிலேயே வரட்டும்" என்று ஒரு வயரைக் கொண்டு இரண்டையும் இணைத்துவிட்டுப் போனார். அன்று தொடங்கியது இரைச்சல்.

ஆசிரியர் ஒரு மாதம் பொறுத்தார். பிறகு உறவுக்காரப் பையன் ஒருவன் வந்தான். "மாமா, இது ஒன்றுமில்லை, எர்த்தை எடுத்துவிட்டால் நின்றுவிடும்" என்றான். ஆம்ப்ளிஃபயரின் மூன்று பின் பிளக்கை வெட்டி எறிந்தான்; பச்சைக் கம்பியை ஓட்ட நறுக்கினான்; இரண்டு பின் பிளக் ஒன்றை மாட்டினான். இரைச்சல் கத்தியால் அறுத்ததுபோல் நின்றது. பையனுக்குப் பலகாரமும் பாராட்டும் கிடைத்தன.

சில வாரங்கள் கழித்து இல்லச் சந்திப்புக்காக நாம் அவ்வீட்டுக்குச் சென்றோம். "சுவாமி, வந்து கேளுங்கள்! இப்பொழுது பூனை நடந்தாலும் கேட்கும், அவ்வளவு அமைதி" என்று ஆசிரியர் மகிழ்ச்சியோடு அழைத்தார். இசைத்தட்டு சுழலத் தொடங்கியது. பழைய பாடலின் இனிமையில் மெய்ம்மறந்து, நம் கையை அந்த ஆம்ப்ளிஃபயரின் இரும்பு மூடியின்மேல் வைத்தோம். உடனே கையில் எறும்பு ஊர்வதுபோன்ற ஓர் உணர்ச்சி. கையை எடுத்தோம், மறுபடி வைத்தோம், மறுபடியும் எறும்பு.

ஆசிரியரின் துணைவியார் நம்மைக் கவனித்துவிட்டார். "ஆமாம் சுவாமி, நான் ஈரத்துணியால் துடைக்கும்போதும் அப்படித்தான் சுருசுருவென்கிறது. வயதாகிவிட்டது, நரம்புத் தளர்ச்சியாக இருக்கும் என்று எண்ணி மருந்துகூட வாங்கிச் சாப்பிட்டேன்" என்றார்.

நமக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே அச்சமும் வந்தது. அப்பெட்டியின் எதிரே, அப்பொழுதுதான் துடைத்த ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்றுகொண்டு, அதன் பொத்தானைத் திருகி விளையாடிக்கொண்டிருந்தான் அவர்களுடைய பேரன்.

"சுவிட்சை நிறுத்துங்கள்" என்றோம். பாட்டு பாதியில் நின்றது.

மூன்று பின் பிளக்கில் மேலேயிருக்கும் பருத்த பின் எதற்கென்று பலர் சிந்திப்பதில்லை. கீழேயுள்ள இரண்டில் ஒன்று பேஸ். மின்சாரம் வரும் வழி. மற்றது நியூட்ரல், அது திரும்பிச் செல்லும் வழி. பெட்டி இயங்குவதற்கு இவ்விரண்டுமே போதும். ஆகவேதான் மூன்றாவதை அறுத்த பின்னும் பாட்டு பாடுகிறது. அறுத்தவனும் அறிவாளியாகத் தோன்றுகிறான். எர்த் என்னும் அந்த மூன்றாவது, வேலைக்காக வைக்கப்பட்டதன்று, காவலுக்காக வைக்கப்பட்டது.

பெட்டிக்குள்ளே ஒரு நாள் பேஸ் கம்பியின் மேலுறை தேய்ந்து, கம்பி இரும்பு மூடியைத் தொட்டுவிடுகிறது என்று கொள்வோம். எர்த் இருந்தால், மின்சாரம் அந்தக் கணமே அதன் வழியே பெருமளவில் பாயும். பியூஸ் எரிந்தோ, தானியங்கிச் சுவிட்சு விழுந்தோ இணைப்பு அறுபடும். எர்த் இல்லாவிடில் மூடி முழுவதிலும் 230 வோல்ட் மின்னழுத்தம் ஓசையின்றிக் காத்து நிற்கும், யாரேனும் வந்து தொடும்வரை. தொட்டவரின் உடலே பிறகு எர்த் கம்பியாகிவிடும். ஒரு மில்லி ஆம்பியர் அளவில் மின்சாரம் உடலில் பாய்ந்தால் சுருசுருப்பு தெரியும். பத்து மில்லி ஆம்பியரைத் தாண்டினால் பிடித்த கையை விடுவிக்க இயலாமற் போகலாம். சில பத்து மில்லி ஆம்பியர்கள் மார்பின் வழியே பாய்ந்தால் இதயம் தாளம் தப்பிப் போகலாம். சிறிய இரவு விளக்கு ஒன்றை எரிப்பதற்கும் ஏறத்தாழ இவ்வளவு மின்சாரமே தேவை என்று எண்ணிப் பாருங்கள்.

எர்த் பின் மற்ற இரண்டைக் காட்டிலும் சற்று நீளமாக இருப்பதையும் கவனித்திருப்பீர்கள். செருகும்போது அது முதலில் இணைய வேண்டும். பிடுங்கும்போது இறுதியாகப் பிரிய வேண்டும். வீட்டுக்குள் முதலில் நுழைந்து கடைசியில் வெளியேறும் காவற்காரனைப் போன்றது அது. அந்தக் காவற்காரனைத்தான், அவன் குறட்டை நம் தூக்கத்தைக் கெடுக்கிறதென்று, ஆசிரியர் வீட்டில் வெளியே துரத்திவிட்டிருந்தார்கள்.

அன்று நாம் உணர்ந்தது சிறு கசிவு மட்டுமே. ஆயினும் எர்த் இருந்திருந்தால் அக்கசிவு நம் கைக்கு வந்திராது, மண்ணுக்குள் போயிருக்கும்.

இவ்வாறு உயிரிழந்தவர்கள் உலகில் உண்டு. 1972 மே மாதத்தில், வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரில், லெஸ்லி ஹார்வி என்னும் இளம் கித்தார்க் கலைஞர் மேடையில் மைக்கைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி மாண்டார். எர்த் சரியாக அமையாததே காரணம். 1976 மே மாதத்தில் இங்கிலாந்தில் கீத் ரெல்ஃப் என்னும் பாடகர் தம் வீட்டிலேயே, எர்த் சரியில்லாத மின்கித்தாரை வாசிக்கையில் அவ்வாறே உயிரிழந்தார். தொழிலாகவே இசை பயின்றவர்களுக்கே இக்கதி எனில், ஈரத்தரையில் நிற்கும் பேரப்பிள்ளைக்குச் சொல்ல வேண்டுமா?

ஆசிரியர் மௌனமாக எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "எல்லாம் சரி சுவாமி, எர்த்தை மாட்டினால் இரைச்சலும் வருமே. இந்த வயதில் எனக்கென்று இருப்பது இந்தப் பாட்டு ஒன்றுதான்" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஆபத்து என்று சொல்லித் தடுப்பது எளிது; அதற்கு மாற்றும் சொல்ல வேண்டுமன்றோ? குருமடத்தில் பயின்ற காலத்தில் மைக், ஆம்ப்ளிஃபயர், ஒலிநாடா இவற்றின் பொறுப்பு நம்மிடம் சில ஆண்டுகள் இருந்தது. அங்கே கற்ற சிற்றறிவும், நம் பங்கிலுள்ள மின்பணியாளத் தம்பி ஒருவரின் கைத்திறனும் சேர்ந்து மறுநாள் மாலை அவ்வீட்டில் துணைக்கு வந்தன.

முதல் வேலையாகத் தம்பி புதிய மூன்று பின் பிளக்கை மாட்டினார். சுவரிலிருக்கும் பிளக் பாயிண்டில் எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்த்தார். பல வீடுகளில் மூன்று துளைகள் இருக்கும். மேல் துளைக்குள் கம்பியே இராது. பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஒரு பல்பை இணைத்தார். அது மங்காமல் எரிந்தது. எர்த் உயிரோடிருந்தது. ஆம்ப்ளிஃபயரைப் போட்டோம். "உம்ம்ம்" என்று பழைய விருந்தாளி வந்து அமர்ந்தார். ஆசிரியரின் முகம் வாடிற்று.

"பொறுங்கள் ஐயா, நோயாளி பேசத் தொடங்கியிருக்கிறார், இனிக் கேள்வி கேட்போம்" என்றோம்.

முதற்கேள்வி: ஓசை ஸ்பீக்கரிலிருந்து வருகிறதா, பெட்டியிலிருந்தே வருகிறதா? பெட்டியினுள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புத் தகடுகள் தளர்ந்திருந்தால் அவையே அதிர்ந்து முனகும். ஸ்பீக்கர் வயரைக் கழற்றினாலும் அம்முனகல் நிற்காது. அப்பொழுது தகடுகளை இறுக்குவது மெக்கானிக்கின் வேலை. பெட்டிக்கு அடியில் ரப்பர் வைப்பது நம் வேலை. ஆசிரியர் வீட்டில் ஓசை ஸ்பீக்கரிலிருந்தே வந்தது.

இரண்டாம் கேள்வி: ஓசைப் பொத்தானைக் குறைத்தால் இரைச்சல் குறைகிறதா? குறையாமல் அப்படியே இருந்தால், குற்றம் பெரும்பாலும் ஆம்ப்ளிஃபயரின் உள்ளேயே இருக்கிறது. பொத்தானோடு சேர்ந்து ஏறி இறங்கினால், பொத்தானுக்கு முன்பே இரைச்சல் உள்ளே நுழைந்துவிட்டது என்று பொருள். அங்கே அது ஏறி இறங்கிற்று.

மூன்றாம் கேள்வி: உள்ளே வரும் வயர்கள் அனைத்தையும் பிடுங்கினால் என்ன ஆகிறது? ஒவ்வொரு முறையும் சுவிட்சை நிறுத்திவிட்டே வயரைப் பிடுங்கவும் செருகவும் வேண்டும். இல்லையேல் ஸ்பீக்கர் "டம்" என்று அதிர்ந்து கெட்டுப்போகும். எல்லாவற்றையும் பிடுங்கினோம். முழு அமைதி. ஆக, ஆம்ப்ளிஃபயர் குற்றமற்றது. குற்றவாளி வெளியேயிருந்து வருகிறான்.

பின்னர் ஒவ்வொன்றாக இணைத்தோம். இசைத்தட்டுப் பெட்டியை இணைத்ததும் மெல்லிய முனகல் கேட்டது. பின்பக்கம் எட்டிப் பார்த்தால், அதன் மெல்லிய எர்த் வயர் திருகிலிருந்து கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. மகன் வயர்களை மாற்றியபோது கழன்றிருக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயரின் பின்னாலுள்ள அதற்கான திருகில் அதனை முறுக்கியதும் முனகல் போயிற்று.

இசைத்தட்டுப் பெட்டி ஏன் இத்தனை எளிதில் இரைச்சலைப் பிடிக்கிறது? அதன் ஊசி தரும் மின்னோசை சில மில்லி வோல்ட்டுகளே. அதைப் பெருக்கும்போது அருகிலிருக்கும் சிறு குப்பையும் மலையாகப் பெருகுகிறது. மேலும், இசைத்தட்டில் தாழ்ந்த ஓசைகளைக் குறைத்தே பதிக்கிறார்கள்; கேட்கும்போது ஆம்ப்ளிஃபயர் அவற்றை உயர்த்தித் தர வேண்டும். ஆயிரம் ஹெர்ட்ஸ் ஓசையைக் காட்டிலும் 50 ஹெர்ட்ஸ் ஓசையை அது ஏறத்தாழ 7 மடங்கு மிகுதியாகப் பெருக்குகிறது. நம் நாட்டு மின்சாரம் அலையும் வேகமும் அதே 50 ஹெர்ட்ஸ்தான். திருடனுக்கு வசதியாக ஏணியையும் வைத்ததுபோல் ஆயிற்று.

அடுத்துத் தொலைக்காட்சியின் வயரைச் செருகினோம். "உம்ம்ம்!" இம்முறை முழுக்குரலில். தொலைக்காட்சியை அணைத்தோம், இரைச்சல் அணையவில்லை. அதன் பிளக்கையே பிடுங்கினோம், அப்பொழுதும் அணையவில்லை. ஆசிரியர் வியப்போடு நம்மை நோக்கினார். இறுதியாக, தெருவிலிருந்து வரும் கேபிள் வயரைத் தொலைக்காட்சியிலிருந்து திருகிக் கழற்றினோம். அக்கணமே இரைச்சல் நின்றது.

இதன் காரணத்தை ஓர் உவமையால் விளக்கலாம். இரண்டு குளங்கள் இருக்கின்றன. ஒன்றின் நீர்மட்டம் மற்றதைவிடச் சற்று உயர்ந்திருக்கிறது. இரண்டும் தனித்தனியே இருக்கும்வரை நீர் அசைவதில்லை. நடுவே ஒரு வாய்க்கால் வெட்டினால் உடனே நீர் ஓடத் தொடங்கும். ஆசிரியர் வீட்டு எர்த் ஒரு குளம். கேபிள் வயரின் மேலுறைக் கம்பி, தெருவில் எங்கோ வேறோர் இடத்தில் மண்ணைத் தொடுகிறது. அது மற்றொரு குளம். இரண்டின் மட்டமும் ஒன்றாக இருப்பது அரிது. மகன் மாட்டிய அந்த வயர்தான் நடுவே வெட்டிய வாய்க்கால். அதன் மேலுறைக் கம்பியில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஓடிற்று; பாட்டு செல்ல வேண்டிய வழியில் அது கலந்து இரைச்சலாயிற்று. இதனை "எர்த் லூப்" என்பார்கள்.

எர்த்தை அறுத்தபோது ஏன் இரைச்சல் நின்றது என்பதும் இப்பொழுது விளங்கும். இரு குளங்களில் ஒன்றையே தூர்த்துவிட்டால் வாய்க்காலில் நீர் ஓடாது, உண்மைதான். ஆனால் ஊருக்கு வெள்ளம் வரும் நாளில் அதனை வாங்கிக்கொள்ள இருந்த குளமும் அதுவே.

அடைக்க வேண்டியது வாய்க்காலை. இதற்கு வழிகள் உள்ளன. ஒன்றோடொன்று இணைந்த கருவிகளையெல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டிலிருந்து, நல்ல எர்த் உள்ள ஒரே பிளக் பாயிண்டிலிருந்து இயக்கினால் மட்டங்கள் ஒன்றாகும். பாதி வீடுகளில் இதுவே போதும். கேபிள் வயரின் வழியே லூப் வந்தால், அவ்வயரின் இடையே பொருத்துவதற்கு "ஐசொலேட்டர்" என்னும் சிறு கருவி உண்டு; அது படத்தை விடும், எர்த் மின்சாரத்தை விடாது. மூன்றாவது வழி, பாட்டை மின்சாரமாக அனுப்பாமல் ஒளியாக அனுப்புவது. இக்காலத் தொலைக்காட்சிகள் பலவற்றில் "ஆப்டிகல்" என்று எழுதிய துளை இருக்கிறது. அதில் மாட்டும் வயருக்குள் செம்புக் கம்பி இல்லை. ஒளி மட்டுமே செல்லும். ஒளியின் வழியே எர்த் மின்சாரம் கடக்க இயலாதாகையால் லூப்புக்கும் இடமில்லை. பழைய ஆம்ப்ளிஃபயரில் அத்துளை இராது. ஒளியை மீண்டும் மின்னோசையாக மாற்றும் சிறு பெட்டி ஒன்று வேண்டும். ஆசிரியர் வீட்டில் இவ்வழியையே மேற்கொண்டோம்.

இனி, உங்கள் வீட்டுக்கு உதவும் வேறு சில குறிப்புகளையும் கூறிவிடுகிறோம்.

எல்லா வயர்களையும் பிடுங்கிய பின்னும், ஓசைப் பொத்தானைச் சுழியில் வைத்த பின்னும் இரைச்சல் நீடித்தால், ஆம்ப்ளிஃபயரினுள் உள்ள பெரிய கண்டென்சர்களை ஐயுற வேண்டும். முன்னும் பின்னும் அலையும் மின்சாரம் உள்ளே ஒரே திசையில் திருப்பப்படும்போது, நொடிக்கு 50 அலைகள் 100 துடிப்புகளாகின்றன. நீர்த்தொட்டி குழாயின் விட்டுவிட்டு வரும் நீரைச் சமன்செய்து தருவதுபோல், கண்டென்சர் அத்துடிப்புகளைச் சமன்செய்து தருகிறது. ஆண்டுகள் பல சென்றால், வெப்பத்தால் அதன் உள்ளீரம் உலர்ந்து தொட்டி சிறுத்துவிடும். துடிப்பு அப்படியே ஸ்பீக்கருக்கு வந்துவிடும்.

காதில் இசைப்பயிற்சி உள்ளவர்கள் இதனைத் தாமே சோதிக்கலாம். கீபோர்டில் நடு "சி"க்கு ஒரு ஸ்தாயி கீழேயுள்ள "சி"யிலிருந்து கீழே இறங்கி, முதலில் வரும் "ஜி"யை அழுத்துங்கள். அதன் வேகம் 98 ஹெர்ட்ஸ். இரைச்சல் அதனோடு ஏறத்தாழ ஒத்து ஒலித்தால் அது 100 ஹெர்ட்ஸ், கண்டென்சரை ஐயுறலாம். அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே ஆழ்ந்து ஒலித்தால் அது 50 ஹெர்ட்ஸ். லூப்பையோ, அருகிலுள்ள மின்வயரையோ ஐயுறலாம். முடிந்த முடிபன்று, நல்ல குறிப்பு.

கண்டென்சரை மாற்றுவது பயிற்சி உள்ளவர் செய்ய வேண்டிய வேலை. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதில் மின்சாரம் தேங்கி நிற்கும். வால்வு வைத்த பழைய பெட்டிகளில் அது பல நூறு வோல்ட் அளவுக்கு இருக்கும். எனவே "நிறுத்தியாயிற்றே" என்று எண்ணி மூடியைத் திறந்து கையை விடாதீர்கள். பிள்ளைகளையும் விட விடாதீர்கள்.

இரைச்சல் "உம்ம்" என்றில்லாமல் "ஜ்ர்ர்" என்று கூர்மையாக இருந்தால், மின்விசிறியின் ரெகுலேட்டரைப் பாருங்கள். இக்கால ரெகுலேட்டர்களில் பல, ஒவ்வோர் அலையிலும் மின்சாரத்தை நறுக்கி விடுபவை. விசிறியை நிறுத்தியதும் ஓசை நின்றால் திருடன் அகப்பட்டான். விளக்கின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் கருவியும் அவ்வகையே. ஆம்ப்ளிஃபயரை அவற்றிலிருந்து விலக்கி, வேறு பிளக் பாயிண்டில் மாட்டிப் பாருங்கள். விட்டுவிட்டு "டிட் டிட் டிர்ர்" என்று கேட்டால், மேலேயோ அருகிலோ கைப்பேசி இருக்கிறதா என்று பாருங்கள்.

மாறும் காந்தப்புலம் அருகிலுள்ள கம்பியில் மின்சாரத்தைத் தூண்டும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்தார். அவர் கண்ட அந்த இயற்கை நியதியே நம் வீட்டு அலமாரியிலும் வேலை செய்கிறது. ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் பக்கத்தில் இசைத்தட்டுப் பெட்டியை வைக்காதீர்கள். ஒரு முழம் தள்ளி வைத்தாலே வேறுபாடு தெரியும். பாட்டு செல்லும் வயரையும் மின்வயரையும் சேர்த்துக் கட்டி ஓடவிடாதீர்கள். குறுக்கே செல்ல வேண்டியிருந்தால் சிலுவைபோல் நேர்க்குறுக்காகச் செல்லட்டும்.

பிறர் வீட்டுக் குறையைச் சொல்லி, நம் கோவிலின் குறையை மறைப்பது நேர்மையன்று. ஆசிரியர் வீட்டிலிருந்து திரும்பிய அன்றிரவே, நம் கோவிலின் பாடகர் குழுவினர் வைத்திருக்கும் கருவிகளைப் புரட்டிப் பார்த்தோம். கித்தாருக்கான சிறு ஆம்ப்ளிஃபயரின் எர்த் பின் முறிக்கப்பட்டிருந்தது! கேட்டபோது, "கோவில் ஸ்பீக்கரில் ஹம்மிங் வந்தது சுவாமி, யாரோ எடுத்துவிட்டார்கள்" என்றனர். எத்தனையோ ஞாயிறுகள் அதனருகே நின்று நாம் பாடியிருக்கிறோம். ஒரு நாளும் பார்த்ததில்லை. கித்தாரின் தந்தியைத் தொட்ட கையோடு பாடகர் எர்த் உள்ள மைக்கில் உதட்டை வைத்தால் என்ன நேரும் என்பதற்கு மேலே சொன்ன சுவான்சி நிகழ்ச்சியே சான்று.

கோவில், மன்றம், பள்ளி மேடை ஆகியவற்றுக்கும் முறையான வழி இருக்கிறது. "டி.ஐ. பாக்ஸ்" என்னும் சிறு பெட்டியைக் கீபோர்டுக்கோ கித்தார் ஆம்ப்ளிஃபயருக்கோ பின் மாட்டி, அதிலிருந்து மூன்று கம்பி மைக் வயரால் மிக்ஸருக்குக் கொண்டு செல்ல வேண்டும். அவ்வயரில் ஒரே ஓசை இரு கம்பிகளில் ஒன்றுக்கொன்று எதிராகச் செல்கிறது. வழியில் சேரும் இரைச்சலோ இரண்டிலும் ஒரே விதமாகச் சேர்கிறது. மறுமுனையில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் இரைச்சல் அழிந்து ஓசை மட்டும் எஞ்சும். அப்பெட்டியிலுள்ள "கிரவுண்ட் லிஃப்ட்" சுவிட்சு, பாட்டு செல்லும் வயரின் எர்த்தை மட்டுமே பிரிக்கிறது. மின்சாரப் பிளக்கின் எர்த்தைத் தொடுவதில்லை. இந்த வேறுபாட்டை இளைஞர்கள் நன்கு மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவ்விதழைக் கீழே வைத்ததும் எழுந்து சென்று, உங்கள் வீட்டுப் பிளக்குகளைப் பாருங்கள். இரும்பு மூடியுள்ள ஆம்ப்ளிஃபயர், இஸ்திரிப் பெட்டி, மாவரைக்கும் கிரைண்டர், தண்ணீர் மோட்டார், குளிர்சாதனப் பெட்டி இவற்றில் எதிலேனும் எர்த் பின் முறிந்தோ அறுந்தோ இருந்தால் அன்றே மாற்றுங்கள். தொலைக்காட்சி, கைப்பேசிச் சார்ஜர் போன்ற சில, இரட்டைக் காப்போடு இரண்டு பின்னுக்கென்றே அமைக்கப்பட்டவை. அவற்றைப்பற்றி அஞ்ச வேண்டா. சுவரில் எர்த் உண்மையாக இருக்கிறதா என்று தெரிந்தவரைக் கொண்டு சோதியுங்கள். கரியும் உப்பும் இட்ட பழைய எர்த் குழி உள்ளவர்கள் கோடையில் அதற்கு ஒரு குடம் நீர் ஊற்ற மறவாதீர்கள். முடிந்தவர்கள், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் காவற்சுவிட்சைப் பொருத்திக்கொள்ளுங்கள். அது எர்த்துக்கு மாற்றன்று, எர்த்துக்குத் துணை. ஆசிரியர் வீட்டில் இப்பொழுது அதுவும் இருக்கிறது.

அன்று மாலை வேலை முடிந்தபோது விளக்கேற்றும் நேரமாகிவிட்டது. ஆசிரியர் தம் தந்தையாரின் இசைத்தட்டுகளில் ஒன்றை எடுத்துத் துடைத்து வைத்தார். ஊசி இறங்கிற்று. பாட்டு தொடங்குமுன் அந்தப் பழந்தட்டின் மெல்லிய கரகரப்பு மட்டும் கேட்டது, வேறொன்றும் இல்லை. அந்தக் கரகரப்பு இரைச்சலன்று. அது அத்தட்டின் வயது. அம்மையார் வந்து, ஆம்ப்ளிஃபயரின் மூடியின்மேல் தயக்கத்தோடு ஒரு விரலை வைத்தார். பிறகு முழுக் கையையும் வைத்தார்.

"எறும்பு போய்விட்டது சுவாமி" என்றார். "அந்த நரம்பு மருந்தை நிறுத்திவிடலாமா?"

"அதனை டாக்டரிடம் கேளுங்கள் அம்மா" என்றோம். பேரன் ஓடிவந்து பொத்தானைத் திருகினான். இம்முறை யாரும் அவனைத் தடுக்கவில்லை.